மூலப்பத்திரத்தைக் காட்டச் சொல்லும் உரிமை

2019 அக்டோபரில் 'அசுரன்' படம் வெளியான சில நாட்களில் தமிழ்நாடு முழுக்க ஒரு சொல் புழங்கியது: மூலப்பத்திரம். 'முரசொலி' அலுவலகம் இருக்கும் இடம் பஞ்சமி நிலமா என்று ஒரு கட்சித் தலைவர் கேட்டார். இல்லை என்று பட்டாவைக் காட்டினார் இன்னொரு கட்சித் தலைவர். பட்டா போதாது, மூலப்பத்திரம் எங்கே என்றார் முதலாமவர். அந்த விவகாரத்தில் யார் பக்கம் நியாயம் என்பதற்குள் நாம் போகவில்லை. அது ஆணையம், உயர் நீதிமன்றம் என்று தன் வழியில் போனது. நமக்கு வேண்டியது அந்தக் கேள்வி மட்டும்தான். மேடையில் ஒரு தலைவர் இன்னொரு தலைவரிடம் கேட்ட அதே கேள்வியை, அவனியாபுரம் பக்கத்தில் 80 செண்ட் நிலத்துக்காக முன்சீப் கோர்ட் படியேறும் ஒரு குடும்பம் கேட்க முடியுமா?

முடியும். 1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் அதற்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. வக்கீல்கள் 'ஆர்டர் 11' என்பார்கள், தமிழில் கட்டளை 11. எதிர்த்தரப்பின் கையில் இருக்கும் ஆவணத்தை வெளியே கொண்டுவரச் செய்யும் வழி அது. நிலம் இழந்தவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள பகுதி அந்தச் சட்டத்தில் குறைவு. ஆனால் நம் மக்களின் வழக்குக் கட்டுகளைப் புரட்டிப் பார்த்தால் இந்த மனு அபூர்வமாகத்தான் கண்ணில் படுகிறது.

அவனியாபுரம் என்றதும் வெளியூர்க்காரர்களுக்குத் தை முதல் நாள் ஜல்லிக்கட்டு நினைவுக்கு வரும். இங்கே இருப்பவர்களுக்கு வருஷம் 365 நாளும் நினைவில் இருப்பது நிலம். கண்மாய்ப் பாசனத்தில் நெல் விளைந்த இடமெல்லாம் இன்று பிளாட். ஒரு பக்கம் விமான நிலையம், இன்னொரு பக்கம் பைபாஸ். 2011-ல் மாநகராட்சியோடு சேர்ந்த பிறகு செண்ட் விலை ஏறிய வேகத்தை யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. விலை ஏறினால் வழக்கும் ஏறும். நாற்பது வருஷமாக யாரும் திரும்பிப் பார்க்காத காட்டுக்கு ஒரு நாள் காலையில் கம்பிவேலி வரும். ஏன் என்று கேட்டால் கோர்ட்டிலிருந்து சம்மன் வரும்.

அப்படி ஒரு வழக்கை எடுத்துக்கொள்வோம். யாருடைய வழக்கும் அல்ல, விளக்குவதற்காக நாமே கட்டியது. தாத்தா ஒருவர் 1974-ல் மகள் கல்யாணத்துக்காக 80 செண்டை ஊர்ப் பெரியதனக்காரர் ஒருவரிடம் ஒத்திக்கு வைத்தார். வெற்றுத்தாளில் கைரேகை வைத்தாரா, பத்திரம் எழுதிப் பதிந்தாரா என்பது பேரனுக்குத் தெரியாது. காகிதம் போனது பெரியதனக்காரர் வீட்டுப் பீரோவுக்கு. யூடிஆர் என்று நாம் சொல்லும் நிலப்பதிவு மேம்பாட்டுத் திட்டம் 1980-களில் நடந்தபோது பட்டா அந்த வீட்டுப் பெயருக்கு மாறிவிட்டது. இப்போது பெரியதனக்காரரின் மகன் வாதி. 'இந்த நிலத்தை எங்கள் தகப்பனார் 1974-ல் கிரயம் வாங்கினார், அன்று முதல் அனுபவித்து வருகிறோம், பிரதிவாதிகள் இடையூறு செய்கிறார்கள், நிரந்தர உறுத்துக்கட்டளை வேண்டும்' என்று பிராது. பேரன் பிரதிவாதி. அவன் கையில் என்ன இருக்கிறது? பாட்டி சொன்ன கதை, இரண்டு தீர்வை ரசீது, நிலத்து மேட்டில் தாத்தா நட்ட ஒரு புளியமரம்.

நம் ஆட்கள் இந்த இடத்தில்தான் சோர்ந்துபோகிறார்கள். 'நம்மகிட்ட காகிதம் இல்லை, அவங்ககிட்ட இருக்கு' என்பார்கள். அவர்களிடம் இருக்கிறது என்பதே நமக்குச் சாதகமான விஷயம் என்று அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை.

வாதி பிராதுடன் கொடுத்த ஆவணப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். அதில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது பாதி வேலைதான். என்ன இல்லை என்று பார்க்க வேண்டும். நம் உதாரணத்தில் யூடிஆர் பட்டா இருக்கும், சமீபத்திய தீர்வை ரசீதுகள் இருக்கும், 1985-லிருந்து போட்ட வில்லங்கச் சான்று இருக்கும். 1974 கிரயப் பத்திரம் இருக்காது. பிராதில் பெயர் சொல்லப்பட்ட ஆவணம் பட்டியலில் இல்லையென்றால், அதைக் காட்டு என்று எழுத்தில் நோட்டீஸ் கொடுக்கக் கட்டளை 11 விதி 15 உரிமை தருகிறது. இதற்குக் கோர்ட்டில் மனுப்போட வேண்டியதுகூட இல்லை. நம் வக்கீலிடமிருந்து அவர் வக்கீலுக்கு ஒரு தாள் போனால் போதும். பத்து நாளுக்குள் அவர் பதில் சொல்ல வேண்டும்; எந்த நாளில் எந்த இடத்தில் பார்க்கலாம் என்று நேரம் குறித்துத் தர வேண்டும். நாம் போய்ப் பார்க்கலாம், நகல் எடுத்துக்கொள்ளலாம்.

இனி மூன்றில் ஒன்று நடக்கும். அவர் பத்திரத்தைக் கொண்டுவந்தால், அது கிரயமா ஒத்தியா, சர்வே எண் நம் நிலம்தானா, கைரேகை யாருடையது, சாட்சிக் கையெழுத்து யார் என்பதெல்லாம் வெளிச்சத்துக்கு வரும். தொலைந்துவிட்டது என்றால், பதிவு எண்ணும் வருஷமும் சொல் என்று கேட்கலாம். சொன்னால் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகலெடுக்கலாம், சொல்ல முடியாவிட்டால் அப்படி ஒரு பத்திரம் இருந்ததா என்ற கேள்வி தானாக எழும். வாய் திறக்காமல் இருந்தால், பின்னால் வழக்கு சூடுபிடிக்கும்போது அதே பத்திரத்தைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்ட முடியாது. தக்க காரணம் காட்டாமல் அதைத் தன் சாட்சியமாக அவர் பயன்படுத்த விதி 15 இடம் தராது. மூன்றில் எது நடந்தாலும் நமக்கு நஷ்டமில்லை.

பிராதில் பெயரே சொல்லாத காகிதங்கள் இருந்தால்? ஒத்திச் சீட்டு, வட்டிக்கணக்கு நோட்டு, குடும்பத்துக்குள் பிரித்துக்கொண்ட கூர்ச்சீட்டு, நிலத்தோடு வாங்கி வைத்துக்கொண்ட பழைய ஒப்படைப் பட்டா? அதற்கு விதி 12. இந்த வழக்கு சம்பந்தமாக உன் வசம் இருக்கும் ஆவணங்கள் எவை என்று சத்தியம் செய்து பிரமாணப் பத்திரம் போடச் சொல்லுமாறு கோர்ட்டைக் கேட்கலாம். இருப்பவை மட்டுமல்ல, முன்பு இருந்து இப்போது இல்லாதவையும் அதில் வர வேண்டும். எப்போது கையைவிட்டுப் போனது, யாரிடம் போனது என்றும் சொல்ல வேண்டும். பொய்ச் சத்தியம் குற்றம். விதி 14-இன்படி குறிப்பிட்ட ஆவணத்தைக் கோர்ட்டிலேயே கொண்டுவந்து வைக்க உத்தரவு கேட்கலாம். கோர்ட் உத்தரவை மீறினால் விதி 21: மீறியவர் வாதியானால் வழக்கே தள்ளுபடி ஆகலாம், பிரதிவாதியானால் அவருடைய எதிர்வாதத்தையே நீக்கலாம். இது கடைசி ஆயுதம்தான். வேண்டுமென்றே மீறியவருக்கு மட்டுமே இதைப் பயன்படுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1978-ல் சொல்லியிருக்கிறது. ஆனாலும் ஆயுதம் உறையில் இருப்பது எதிரிக்குத் தெரிந்தாலே பாதிக் காகிதம் வெளியே வந்துவிடும்.

சட்டப்புத்தகத்தில் இல்லாத ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். பேரன் அந்தப் பத்திரத்தை நேரில் கேட்டிருக்க முடியாதா என்று நகரத்து வாசகர் கேட்கலாம். கேட்டிருக்க முடியாது. அவனுடைய அப்பா அந்த வீட்டுத் திண்ணைக்குக் கீழேதான் நின்றிருப்பார். துண்டு தோளில் இருந்திருக்காது, கக்கத்தில் இருந்திருக்கும். 'அந்தச் சீட்டைக் கொஞ்சம் காட்டுங்க' என்ற ஒரு வரிக்கு ஊரில் வேலை போயிருக்கும், தண்ணீர் போயிருக்கும், சில ஊர்களில் இன்னும் மோசமாகவும் நடந்திருக்கும். அந்தக் கேள்வியைத்தான் கட்டளை 11 ஒரு தாளில் எழுதிக் கேட்கச் சொல்கிறது. அதில் ஐயாவும் இல்லை, சாமியும் இல்லை. வாதி, பிரதிவாதி என்ற இரண்டே பெயர்கள். பத்து நாளில் பதில் சொல்லும் கடமை பெரிய வீட்டுக்கு. இந்த நோட்டீஸை வழக்கு நடத்தும் தந்திரமாக மட்டும் நாம் பார்க்காததற்குக் காரணம் இதுதான்.

ஆவணத்தைக் கையில் வைத்துக்கொண்டே 'நிரூபிக்க வேண்டியது நீ' என்று சும்மா இருப்பது நம் நாட்டில் பழைய பழக்கம். லண்டன் பிரிவி கவுன்சில் வரை அதன் பெயர் கெட்டிருக்கிறது. 1917-ல் முருகேசம் பிள்ளை எதிர் ஞானசம்பந்த பண்டார சந்நிதி என்ற வழக்கு அங்கே போனது. நம் சென்னை மாகாணத்திலிருந்து போன மடத்து வழக்கு. மடத்தின் கணக்குப் புத்தகங்கள் கையில் இருந்தும் கோர்ட்டுக்குக் கொண்டுவரவில்லை. முக்கியமான ஆவணங்களை வைத்திருப்பவர்கள், நிரூபிக்கும் பொறுப்பு அடுத்தவருடையது என்ற கோட்பாட்டின் பின்னால் ஒதுங்கிக்கொள்வது ஆரோக்கியமான நடைமுறைக்கு விரோதம் என்று லார்ட் ஷா கண்டித்தார். அரை நூற்றாண்டு கழித்து, 1968-ல், மகாராஷ்டிரத்து ஹாஜி மலங் தர்கா நிலம் பற்றிய கேத்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதே வழியில் தீர்ப்புச் சொன்னது. நல்ல சாட்சியத்தைக் கையில் வைத்திருப்பவர் அதை மறைத்தால், நிரூபிக்கும் பொறுப்பு அவருடையது இல்லாவிட்டாலும், அது வெளியே வந்தால் அவருக்குப் பாதகமாக இருக்கும் என்று கோர்ட் அனுமானிக்கலாம். அந்தக் காலத்தில் சாட்சியச் சட்டம் 114-இல் இருந்த இந்த அனுமானம், 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய சாட்சிய அதிநியமத்திலும் தொடர்கிறது.

ஆனால் இந்த அனுமானம் தானாக வந்து விழாது. கேட்டவனுக்குத்தான் கிடைக்கும். கேட்கவே இல்லையென்றால், 'பிரதிவாதி கேட்கவில்லை, அதனால் நாங்கள் காட்டவில்லை' என்று அவர் சொல்லிவிட்டுப் போவார். நகலுக்கும் இதே கதைதான். அசல் எதிரியிடம் இருக்கிறது, நம்மிடம் மங்கிப்போன ஒரு ஜெராக்ஸ் மட்டும் இருக்கிறது என்றால், அசலைக் கொண்டுவா என்று முதலில் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். அவர் கொண்டுவராதபோதுதான் அந்த ஜெராக்ஸைச் சாட்சியமாகக் கொடுக்கும் வாசல் திறக்கும். நகலும் இல்லாவிட்டால், அசலைத் தானே பார்த்தவர் அதில் என்ன இருந்தது என்று வாய்மொழியாகச் சொல்லலாம். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி, 'வாசிச்சுக் காட்டினாங்க, கேட்டேன்' என்றால் அது அவ்வளவு எளிதில் நிற்காது. யார் வாசிக்கக் கூடாது என்று வைத்திருந்ததோ அதே ஊர், இன்று வாசித்த சாட்சி எங்கே என்று கேட்கிறது.

கோர்ட் என்றாலே நமக்கு எதிரான இடம் என்று இளைஞர்கள் சிலர் பேசுவதைக் கேட்கிறோம். அவர்களுக்கு மகாத் குளத்தை நினைவூட்டுகிறோம். 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் தலைமையில் மக்கள் சவ்தார் குளத்தில் தண்ணீர் எடுத்துக் குடித்தது எல்லாருக்கும் தெரியும். அதே ஆண்டு டிசம்பரில் சாதி இந்துக்கள் அம்பேத்கர் மீதும் தோழர்கள் மீதும் உரிமையியல் வழக்குத் தொடுத்தார்கள் என்பது பாடப்புத்தகத்தில் அதிகம் வராது. குளம் எங்களுக்குச் சொந்தம், தீண்டத்தகாதவர்கள் வராமலிருப்பது தொன்றுதொட்ட வழக்கம், எனவே தடை ஆணை வேண்டும் என்றார்கள். பத்தாண்டு இழுத்து, 1937 மார்ச் 17 அன்று பம்பாய் உயர் நீதிமன்றம் அவர்களின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. அவர்கள் சொன்ன தொன்றுதொட்ட வழக்கம் நிரூபணமாகவில்லை. தீர்ப்பெழுதிய புரூம்ஃபீல்டுதான் 1922-ல் காந்திக்கு ஆறாண்டு சிறை விதித்த நீதிபதி. ஊர் முழுக்க உண்மை என்று நம்பியதைக் கோர்ட்டில் ஒருவரால் காட்ட முடியாமல் போனது. அவனியாபுரம் முன்சீப் வழக்குக்கும் அதேதான்: 'எல்லாருக்கும் தெரியும்' என்பது ஆவணமல்ல.

பஞ்சமி நிலத்துக்கு வருவோம். செங்கல்பட்டு கலெக்டராக இருந்த டிரமென்ஹீர் 1891-ல் எழுதிய அறிக்கையின் விளைவாக, 1892 செப்டம்பர் 30 அன்று அரசாணை 1010 வந்தது. ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு நிலம் ஒப்படைக்கும் ஏற்பாடு அப்படித் தொடங்கியது. பத்து வருஷம் விற்கக் கூடாது, அதற்குப் பிறகும் அதே வகுப்பினருக்குத்தான் விற்கலாம், மீறினால் செல்லாது என்பது நிபந்தனை. அந்த நிபந்தனை எழுதப்பட்ட தாள்தான் ஒப்படைப் பட்டா. நிலத்தை வளைத்தவர்கள் முதலில் வாங்கிக்கொண்டதும் அந்தத் தாளைத்தான். 1994 அக்டோபரில் காரணை பஞ்சமி நிலத்துக்காகச் செங்கல்பட்டில் நடந்த போராட்டத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரை விட்டார்கள். அந்தத் தாள் எவ்வளவு கனமானது என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

இந்த வகை வழக்கில் எதிரியின் பீரோவை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். அ-பதிவேட்டின் பழைய பிரதியும், செட்டில்மெண்ட் காலத்துப் பதிவேடும் அரசிடம் இருக்கும். தாலுகா அலுவலகத்தில் நகல் மனுப் போடலாம். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் 30 நாளில் பதில் சொல்ல வேண்டும். பதிவான கிரயப் பத்திரத்தின் நகலை எவரும் கட்டணம் கட்டி வாங்கலாம், அது நம் குடும்பப் பத்திரமாக இருக்க வேண்டியதில்லை. இப்படிக் கிடைக்கும் ஆவணத்தைக் கேட்டு எதிரிக்கு நோட்டீஸ் விட்டால், நீங்களே நகல் வாங்கலாமே என்று நீதிபதி திருப்பி அனுப்புவார். அதில் தவறில்லை. அரசிடம் இருப்பதை அரசிடமும், பீரோவில் இருப்பதைப் பீரோக்காரரிடமும் கேட்க வேண்டும்.

அரசே எதிர்த்தரப்பாக நிற்கும்போது இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். விமான நிலைய விரிவாக்கத்துக்காகச் சின்ன உடைப்பு மக்களை வீடுகளைக் காலி செய்யச் சொன்னபோது, மறுகுடியமர்வு கேட்டு அவர்கள் 2024 நவம்பரில் போராடியதை இந்தப் பகுதி வாசகர்கள் நேரில் பார்த்தார்கள். விவகாரம் ஒத்தக்கடை உயர் நீதிமன்றக் கிளைக்கும் போனது. அது ரிட் வழக்கின் பாதை, முன்சீப் கோர்ட்டின் நோட்டீஸ் அங்கே பொருந்தாது. ஆனால் எந்தப் பாதையில் போனாலும், எந்த ஆணையின்படி, எந்தத் தேதியில், யார் பெயருக்கு என்ற கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்கி வைத்தவர் பேச்சுக்குத்தான் எடை இருக்கிறது.

இந்த வழிக்கு எல்லைகளும் உண்டு. இன்ன ஆவணம், இன்ன காரணத்துக்கு என்று சொல்லாமல் 'உன்னிடம் உள்ளதையெல்லாம் காட்டு' என்று மீன்பிடிக்க வலை வீசுவது போலக் கேட்டால் மனு தள்ளுபடிதான். எதிரிக்கும் அவர் வக்கீலுக்கும் இடையில் நடந்த கடிதங்களைக் கேட்க முடியாது. நாம் கேட்கிற உரிமை அவர்களுக்கும் உண்டு, எனவே நம் ரசீதுகளையும் ரேஷன் அட்டைகளையும் வீட்டுவரிச் சீட்டுகளையும் ஒழுங்காக அடுக்கி வைக்க வேண்டும், அசலைப் புரோக்கரிடம் கொடுக்கவே கூடாது. இன்னொன்று, காலம். இந்த மனுக்கள் வழக்கை இழுக்கும். நிலம் நம் அனுபவத்தில் இருந்தால் கொஞ்சம் இழுத்தாலும் தாங்கலாம். நிலம் அவர்கள் கையில் இருந்தால் ஒவ்வொரு வாய்தாவும் அவர்களுக்கு ஒரு விளைச்சல். அந்த நிலையில் இரண்டு முக்கியமான ஆவணங்களை மட்டும் குறிவைத்துக் கேட்பதே புத்தி.

வக்கீல்கள் ஏன் இதைச் செய்வதில்லை? சிலர் செய்கிறார்கள், அவர்களுக்கு நன்றி. பலர், 'அதெல்லாம் வேண்டாம், குறுக்கு விசாரணையில் பார்த்துக்கலாம்' என்று சொல்லிவிடுகிறார்கள். குறுக்கு விசாரணை நாளில் கூண்டில் நிற்பவர், 'பத்திரம் வீட்டில் இருக்கிறது' என்பார். அதற்குள் மூன்று வருஷம் ஓடியிருக்கும். கட்சிக்காரர் கேட்டால் வக்கீல் செய்வார் என்பது நம் அனுபவம். கேட்க வேண்டிய வாக்கியம் ஒன்றே ஒன்று: 'சார், பிராதில் சொன்ன பத்திரத்தைக் காட்டச் சொல்லி விதி 15 நோட்டீஸ் கொடுத்தாச்சா?'

வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லையே என்பவர்களுக்கு: 1987 சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆவது பிரிவில், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் இலவச வக்கீல் உண்டு. பட்டியல் சாதியினர் வருமானச் சான்று காட்ட வேண்டியதில்லை, சாதிச் சான்று போதும். மதுரை மாவட்ட நீதிமன்றத்திலேயே ஆணைக்குழு அலுவலகம் இருக்கிறது, 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம். அங்கே நியமிக்கப்படும் வக்கீல்கள் நில வழக்கை ஏற்றதும் முதல் வேலையாகப் பிராதையும் ஆவணப் பட்டியலையும் ஒப்பிட்டு, விடுபட்ட ஆவணங்களுக்கு நோட்டீஸ் அனுப்பினார்களா என்று ஆணைக்குழு ஒரு படிவம் வைத்துச் சரிபார்க்க வேண்டும் என்று கேட்கிறோம். இதற்குப் புதுச் சட்டமும் வேண்டாம், பெரிய செலவும் இல்லை. மதுரை சட்டக் கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகள் சனி ஞாயிறுகளில் ஊர்ப் பக்கம் வந்து, வழக்கு வைத்திருக்கும் வீடுகளில் உட்கார்ந்து, பிராதை உரக்கப் படித்துக் காட்டி, விடுபட்ட பத்திரங்களைத் தனித்தாளில் குறித்துக் கொடுக்கலாம்.

அதைக் குறிப்பதற்கும் நேரம் உண்டு. விதி 15 நோட்டீஸை எழுவினாக்கள் வகுக்கப்படும் வரைதான் கொடுக்கலாம். சம்மன் வாங்கி எதிருரை போட்டவர்கள், அடுத்த வாய்தா எதற்கு என்று இன்றே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். எழுவினா வகுக்க என்று சொன்னால், அந்தத் தேதிக்கு முன்பே நோட்டீஸ் போய்ச் சேர்ந்து, ஒப்புகைச் சீட்டு உங்கள் கட்டில் இருக்க வேண்டும்.